ஜெராக்ஸ் அக்காவின் ‘இன்னொருக்கா’

உலகத்தில் எங்கிருந்து வேண்டுமானாலும் கேட்கக்கூடிய ஓர் இசை ஆல்பத்தில் நான் இருக்கிறேன். மூன்றாவது பாட்டில், வயலின்கள் எல்லாம் ஒன்றாக மேலே ஏறிப்போய், இனி ஏற இடமில்லை என்று நிற்கும்போது ஒரு தும்மல் வரும். அது நான்.

அந்த வாய்ப்பை எனக்குக் கொடுத்தவர், கீரனூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அக்கா. ஆவூர்ப் பக்கத்துக் குடும்பம். ஞானஸ்நானத்தில் வைத்த அழகான பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. ஊரில் அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தவில்லை. ஜெராக்ஸ் அக்கா, அவ்வளவுதான். அடுத்த கடை என்னுடையது, செல்போன் சர்வீஸ். செல்போனைக் கழற்றுவதில் எனக்கு நல்ல பெயர். திரும்ப மாட்டுவது பற்றி வாடிக்கையாளர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு.

கடை திறந்த முதல் வாரம், தூசியில் ஒரு தும்மல் போட்டேன். கையில் யாருடைய ஆதார் கார்டையோ பிடித்தபடி அக்கா வெளியே வந்தார். நூறு ஆயுசு என்று சொல்லப் போகிறார் என்று நினைத்து நான் சிரித்து வைத்தேன்.

“தம்பி, இன்னொருக்கா.”

“என்னக்கா?”

“தும்முனீங்கல்ல, அது இன்னொருக்கா வேணும்.” போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

முயற்சி செய்தேன். பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். என்னால் முடிந்த அளவு மூக்கைச் சுருக்கி, கண்ணை மூடி, ஒன்று போட்டேன். அக்கா போனைக் காதில் வைத்துக் கேட்டார்.

“இது பொய்த் தும்மல் தம்பி. மொதல்ல வந்ததுல ஒரு கதவு தொறக்குற மாதிரி இருந்துச்சு. இதுல கதவே இல்ல.”

அன்று முதல், என் தும்மலில் கதவு இல்லையே என்ற குறை எனக்கும் வந்துவிட்டது. கதவுள்ள தும்மல் வருவதற்கு, பஜ்ஜிக் கடைக்காரர் காற்றடித்த திசையில் வைத்து மிளகாய் வறுத்த ஒரு நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த ‘இன்னொருக்கா’ அக்காவிடம் ஒரு பழக்கம் என்று சொல்வதைவிட ஒரு வியாதி என்று சொல்லலாம். நல்லாருக்கு, நல்லால்லை என்று அவர் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. பிடித்த சத்தம் காதில் விழுந்தால் இன்னொருக்கா. பிடிக்காவிட்டால் ஜெராக்ஸ் எடுக்கப் போய்விடுவார்.

ஒரு நாள் திருச்சி வண்டி புறப்பட்டது. கண்டக்டர் டபுள் விசில் அடித்தார். அக்கா கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் ஓடினார். “அண்ணே, இன்னொருக்கா! அண்ணே!” யாரோ பயணியை விட்டுவிட்டோம் என்று கண்டக்டர் ஒற்றை விசில் அடிக்க, வண்டி நின்றது.

“சீக்கிரம் ஏறும்மா, டயமாச்சு.”

“ஏறலண்ணே. விசில் மட்டும் இன்னொருக்கா.”

“அதான் இப்ப அடிச்சனே?”

“அது ஒத்த விசில். மொதல்ல ரெண்டா அடிச்சீங்கல்ல, அதுண்ணே.”

“ஏம்மா, இது திருச்சி போற வண்டியா, கச்சேரிக்குப் போற வண்டியா?”

ஜன்னலோரத்தில் இருந்த ஒரு அம்மாள், இந்தப் பொண்ணுக்கு மந்திரிச்சு விட வீட்டில் ஆளில்லையா என்று பொதுவாகக் கேட்டார். கண்டக்டருக்கு வேறு வழியில்லை. டபுள் விசில் அடித்தால்தானே வண்டி நகரும், அடித்தார். அக்கா போனை உயரத் தூக்கிப் பிடித்தபடி, “ரொம்ப நன்றிண்ணே” என்றார். அவருக்கு விசில் கிடைத்தது, திருச்சிக்கு வண்டியும் கிடைத்தது.

இப்படிப் பிடித்த சத்தங்கள் எல்லாம் கல்லாவுக்குப் பின்னால் இருந்த பழைய லேப்டாப்புக்குள் போயின. மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குக் கீபோர்டு வாசிப்பவர் அவர்தான். அதற்கு மேல் சேர்ப்பது, வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. ஒருமுறை ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டார். பணிவாக உட்கார்ந்திருந்தேன்.

“எப்பக்கா பாட்டு ஆரம்பிக்கும்?”

“ஆரம்பிச்சு ஆறு நிமிசம் ஆச்சு தம்பி.”

“பாடுறது யாரு?”

“யாரும் பாடல. இதுல வார்த்தையே கெடையாது.”

உள்ளே என்னவோ ‘டங்’ என்று விழுந்துகொண்டே இருந்தது. டங், ஒரு சீறல், மறுபடி டங். மாவு மில்லா என்று கேட்டேன்.

“ஒங்க மச்சான் கம்பெனி” என்றார்.

மச்சான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். சவுதியில் இரும்புத் தகடு அடிக்கும் கம்பெனியில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், கட்டிக்கொண்டு வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் லீவு முடிந்து போய்விடுவார். மற்றபடி தினமும் மத்தியானம் போன் வரும். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அக்கா ஜெராக்ஸ் எடுப்பார். அந்தப் பக்கம் பிரஸ் மிஷின் அடிக்கும் அடியில், மச்சான் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது போலத்தான் கேட்கும்.

“...சிலிண்டர் வந்துச்சா?”

“இன்னொருக்கா சொல்லுங்க.”

“சிலிண்டர்! சிலிண்டர்!”

“வந்துச்சு. நீங்க சாப்ட்டீங்களா?”

“ஆங்? கேக்கல. சரி, அப்புறம் பேசுறேன்.”

“லைன்லயே இருங்க” என்று அக்கா சொல்வார். அதற்குள் போன் வைக்கப்பட்டிருக்கும். அவர்களுடைய மொத்தக் குடும்ப வாழ்க்கையையும் நான் அடுத்த கடையிலிருந்து கேட்டிருக்கிறேன். முக்கால்வாசி சிலிண்டர்தான்.

அந்த போன் சத்தங்களைத்தான் அக்கா எடுத்து வைத்திருந்தார். மச்சானின் குரலை வெட்டி எறிந்துவிட்டு மிஷினை மட்டும்.

“என்னக்கா, ஆளத் தூக்கிட்டு மெசின வச்சிருக்கீங்க?”

“அவரு கரண்டு பில்லு, அரிசி, சிலிண்டர்னு பேசுவாரு தம்பி. நல்லாருக்கேன்னு சொல்ல மாட்டாரு. பின்னாடி மெசின் அடிச்சா நல்லாருக்காருன்னு அர்த்தம்.”

அந்த ‘டங்’கைச் சுற்றித்தான் ஆல்பம் வளர்ந்தது. அதன்மேல் வயலின் வேண்டும் என்றார். கோயில் பாடகர் குழுவில் வயலின் வாசித்தவர் ஒருவர்தான், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரே வரியை வாசிக்கச் சொல்லி, இன்னொருக்கா, இன்னொருக்கா என்று அக்கா சாயங்காலம் முழுக்க அவரை நிறுத்தி வைத்தார். வாத்தியாருக்குத் தோள் இறங்கிவிட்டது.

“ஏம்மா, ஜெராக்ஸ் கடை வச்சிருக்க. ஒரு தடவ வாசிச்சத ஜெராக்ஸ் போட்டுக்கக் கூடாதா?”

“ஜெராக்ஸ் போட்டா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் சார். ஒங்க கை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் தப்பாப் போகுது. அதெல்லாம் சேந்தாத்தான் கூட்டமாக் கேக்கும்.”

முப்பது வருடம் சரியான விடை மட்டுமே சொல்லிக்கொடுத்த மனிதர். வில்லைத் தூக்கி மறுபடியும் தப்பாக வாசித்தார். இன்று கேட்டால் ஒரு மண்டபம் நிறைய வயலின்காரர்கள் இருப்பதாகத் தோன்றும். அத்தனை பேரும் அந்த ஒரு கணக்கு வாத்தியார்தான்.

தப்பு மேளம் கிடைத்த கதை கொஞ்சம் தர்மசங்கடமானது. கடைத்தெரு வழியாக ஒரு சாவு ஊர்வலம் வந்தது. மூலையில் திரும்பும்போது தப்படிக்கும் அண்ணன் அடியை மாற்றினார். எனக்கே ஒரு தூக்கு தூக்கியது. எழுந்து நிற்கலாமா என்று நான் யோசிக்கும்போதே அக்கா ரோட்டில் இருந்தார்.

“அண்ணே, அந்தத் திருப்பத்துல அடிச்சது, இன்னொருக்கா.”

“யக்கா, திருப்பம் தாண்டியாச்சு. இன்னொருக்கான்னா பொணத்த எங்கிட்டு வைக்கிறது?”

செத்தவரின் மகன் அக்காவை முறைத்த முறைப்பில் நான் என் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். எனக்கும் அந்தப் பெண்மணிக்கும் சம்பந்தமில்லை என்று காட்டிக்கொள்வது நல்லது. ஆனால் அண்ணன் நின்ற இடத்திலேயே அந்த அடியை இன்னொருமுறை அடித்தார். ஊர்வலமும் நின்றது. செத்தவர் மட்டும்தான் அன்று அவசரப்படவில்லை. எல்லாம் முடிந்த மறுநாள் அக்கா அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். திரும்பும் வழியில் தப்பு அண்ணனைப் பார்த்து, கடைக்கு வரச் சொல்லிவிட்டும் வந்தார்.

இப்படி எல்லாம் சேர்ந்து, ஆல்பம் முடிகிறது, முடிகிறது என்று போய்க்கொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் போன் வந்தது. மச்சானின் குரல் துல்லியமாகக் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மாதிரி. அக்கா ஜெராக்ஸ் மிஷினை நிறுத்தினார்.

“பின்னாடி சத்தத்தக் காணோம்?”

“கம்பெனிய நிப்பாட்டிட்டாங்க. வாரேன்.”

வந்தார். எல்லாரும் போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர், கொஞ்சம் உரக்கப் பேசுவார், அவ்வளவுதான். நடு வீட்டில் உட்கார்ந்துகொண்டு மொட்டை மாடியில் இருப்பவருக்குச் சொல்வது போலச் சொல்வார். ஆனால் தூக்கம் வரவில்லை. பகலிலும் வரவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு விழித்திருந்தார்.

“சத்தமே இல்ல மாப்ள இங்க” என்றார் என்னிடம். “படுத்தா காது ஙொய்ங்குது. அங்க மெசினுக்கு இருபதடி தள்ளித்தான் ரூமு. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன்.”

பத்து நாளில் ஏஜெண்டைப் பார்க்கப் போய்விட்டார். வேறு கம்பெனி, அதே மாதிரி வேலை, போனால் மறுபடி வருடக்கணக்கு. ஏஜெண்டு பாஸ்போர்ட் காப்பி கேட்டிருக்கிறார். மச்சான் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேராக அக்கா கடைக்கே வந்தார். கல்லாவில் வைத்தார்.

“ரெண்டு காப்பி போடு.”

அக்கா யாருக்கோ பத்திரம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். மிஷின் பாட்டுக்குப் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

“மெசின் ரிப்பேருங்க” என்றார்.

மச்சான் மிஷினைப் பார்த்தார். பக்கங்கள் வந்து விழுந்தன. என்னைப் பார்த்தார். நான் ஒரு செல்போனைக் கழற்றினேன்.

“எப்ப சரியாகும்?”

“ஞாயித்துக்கெழம கழியட்டும்.”

அவர் போன பிறகு அக்கா என்னிடம் வந்தார். “தம்பி, ஞாயித்துக்கெழம ஆல்பத்த வெளியிடணும். அவரு உக்காந்து முழுசாக் கேக்கணும். அதுக்கப்புறம் போறேன்னா போகட்டும்.” போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன். “நான் சொல்றது அவருக்கு என்னிக்குத் தம்பி கேட்டுருக்கு?” என்றார்.

ஆல்பத்துக்கு நான் ‘பிரபஞ்ச அதிர்வு’ என்று பெயர் சொன்னேன். அக்கா ‘லைன்லயே இருங்க’ என்று வைத்தார். இணையத்தில் ஏற்றும் பொறுப்பு என்னுடையது. ஏற்றும் இடத்தில், இது என்ன வகை இசை என்று ஆங்கிலத்தில் கேட்டது. வயலின் இருப்பதால் ஆர்க்கெஸ்ட்ரல், மிஷின் இருப்பதால் இண்டஸ்ட்ரியல், தப்பு இருப்பதால் ட்ரைபல் என்று மூன்றையும் தட்டினேன். தட்டியதோடு இருந்திருக்கலாம். பெருமை தாங்காமல், ‘வரும் ஞாயிறு கோயில் ஹாலில், நமது அக்காவின் ஆர்க்கெஸ்ட்ரா, இண்டஸ்ட்ரி, ட்ரைபல்! அனைவரும் வருக!’ என்று ஸ்டேட்டஸும் வைத்தேன்.

நம் ஊரில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் என்ன என்பதை நான் மறந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் நாலு பேர் போன் பண்ணி, டான்ஸ் உண்டா, வெளியூர்ப் பார்ட்டியா என்று விசாரித்தார்கள். இண்டஸ்ட்ரி என்றதைப் பார்த்து ஒருவர், மகனை ஐ.டி.ஐ.யில் சேர்க்க வேண்டும், யாரைப் பார்ப்பது என்றார். மறுநாள் காலையில் ஃபாதரே கடைக்கு வந்துவிட்டார்.

“ஏம்மா, கோயில் ஹால்ல ஆர்க்கெஸ்ட்ராவா? தவக்காலம் வருதும்மா.”

“அப்படி இல்ல ஃபாதர், நம்ம வாத்தியார் வயலின்தான்...”

“வாத்தியார் ஆடுறாரா?”

ஃபாதருக்குப் புரியவைத்துவிட்டோம். ஆனால் ஊருக்குப் புரியவைக்க என்னால் முடியாது, ஹாலைக் கேட்காதீர்கள், வீட்டில் வையுங்கள், நானும் வருகிறேன் என்றார். அவர் அந்தப் பக்கம் போக, தப்பு அண்ணன் இந்தப் பக்கம் வந்தார். கையில் போன், போனில் என் ஸ்டேட்டஸ்.

“தம்பி, வயலினுக்கு ஆர்க்கெஸ்ட்ரான்னு போட்டுருக்க. மெசினுக்கு இண்டஸ்ட்ரின்னு போட்டுருக்க. எனக்கு ட்ரைபலா?”

“அது வந்துண்ணே, இங்கிலீசுல அப்படித்தான்...”

“நான் பி.காம். லோன் கேட்டு பேங்குல போயி ட்ரைபல்னு சொன்னா, தாலுகா ஆபீஸ் சர்டிபிகேட் எங்கன்னு கேப்பான். நீ வாங்கித் தர்றியா? மெசினுக்கே மருவாத குடுத்துருக்க, மனுசனக் காட்டுல கொண்டுபோயி விட்டுட்டியேடா.”

அக்கா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி மூன்றையும் அழித்தார். பட்டியலின் கடைசியில் ‘மற்றவை’ என்று ஒன்று இருந்தது. அதைத் தட்டினார்.

“இப்ப சரியாண்ணே?”

“நானும் மத்தவையா?”

“வயலினும் மத்தவைதான். மெசினும் மத்தவைதான். தம்பி தும்மல் உட்பட.”

அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “சரி, அப்ப வாரேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, மத்தியானம் அக்கா வீட்டுக் கூடத்தில் கூடினோம். ஃபாதர், வாத்தியார், தப்பு அண்ணன், நான். மைக் செட் கடையிலிருந்து இரண்டு பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் வந்திருந்தது. மச்சானை நடுவில் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தோம். தூங்காத கண்ணோடு, விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் பாஸ்போர்ட் துருத்திக்கொண்டிருந்தது. என் சட்டைப் பையில் இரண்டு பக்கத்தில் ஒரு வாழ்த்துரை இருந்தது. எழுந்து நின்று தொண்டையைச் செருமினேன். “மொதல்ல கேப்போம் தம்பி” என்று அக்கா பொத்தானை அமுக்கிவிட்டார்.

வேறெதுவும் இல்லாமல் மிஷின் மட்டும் ஆரம்பித்தது. டங். சீறல். டங்.

மச்சான் நிமிர்ந்தார். “இது நம்ம மூணாம் நம்பர் பிரஸ்ஸுல்ல?” என்றார், மொட்டை மாடிக்குக் கேட்கும்படி. “அந்த லூஸ் போல்ட்டு ஆடுறதுகூடக் கேக்குதே!”

மிஷினுக்கு அடியில் வயலின்கள் மெதுவாக வந்து சேர்ந்தன. அந்தக் கிணற்றுத் தூரத்தில் பஸ் விசில் ஒன்று. பிறகு தப்பு, மிஷினோடு சண்டை போடாமல் அதன் இடைவெளியில் புகுந்து புகுந்து வந்தது. அண்ணன் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் சாய்ந்தார். தலை ஒரு பக்கம் சரிந்தது. வாய் லேசாகத் திறந்தது. முதல் பாட்டு முடிவதற்குள் குறட்டை வந்துவிட்டது.

“தூங்கிட்டாரா?” என்று ஃபாதர் சைகையில் கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். இத்தனை வருட உழைப்பு, கேட்க வேண்டிய ஒரே ஆள் தூங்குகிறார். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அக்கா ஒரு கையை உயர்த்தி, ஒருவரும் அசையக் கூடாது என்று காட்டினார். அசையவில்லை. வாத்தியார் ஒரு காலை மடக்கப் போனவர், அந்தரத்திலேயே வைத்திருந்தார்.

இரண்டாவது பாட்டும் போனது. மூன்றாவது தொடங்கி வயலின்கள் ஏற ஆரம்பித்ததும் எனக்கு உறைத்தது. என் தும்மல் வரப்போகிறது. அது எவ்வளவு பெரிய தும்மல் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்ததால் மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராக நினைவு வந்தது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எப்போதோ மிளகாய் நெடியில் போட்ட தும்மலுக்காக, நான் கைகூப்பி முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டேன். வயலின்கள் உச்சிக்குப் போய் நின்றன. தும்மல் வந்தது. அக்கா சொன்னது உண்மைதான், ஒரு கதவு திறந்தது மாதிரிதான் இருந்தது.

மச்சான் லேசாகப் புரண்டு, கன்னத்துக்குக் கையை வைத்துக்கொண்டு தொடர்ந்தார். ஃபாதர் சிலுவை போட்டுக்கொண்டார்.

கடைசிப் பாட்டும் முடிந்தது. ஃபேன் ஓடுவது கேட்டது. அந்த அமைதியில் மச்சான் கண் விழித்தார். எங்களை யார் என்று தெரியாதவர் போல ஒரு சுற்றுப் பார்த்தார்.

“ஏன் நிப்பாட்டுன?”

“முடிஞ்சிருச்சுங்க” என்றார் அக்கா.

மச்சான் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தனை நாளில் முதல்முறையாகக் குரல் தாழ்ந்து வந்தது.

“இன்னொருக்கா போடேன்.”

ஊர் பூராவும் அந்த வார்த்தையை அக்கா சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அவரைப் பார்த்து ஒருவர் சொன்னது அன்றுதான். அக்கா லேப்டாப் பக்கம் திரும்பினார். ஒரு பொத்தானை அமுக்க அவ்வளவு நேரம் ஆகாது. முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு, டங்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வந்தோம். வாழ்த்துரை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அடுத்த வாரமெல்லாம் மச்சான் அக்கா கடையில்தான் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு போயிருந்தது. எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

“பாஸ்போர்ட் காப்பி எடுத்தாச்சா மச்சான்?”

“எங்க மாப்ள, மெசின் ரிப்பேருங்கிறா.” அவருக்குப் பின்னால் மிஷின் யாருடைய மார்க் ஷீட்டையோ தள்ளிக்கொண்டிருந்தது.

“எதுத்தாப்புல ரெண்டு கடை இருக்கே?”

“சொந்தக் கடைய வச்சுக்கிட்டு அடுத்த கடைக்குப் போனா நாலு பேரு என்ன நெனைப்பான்?” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

என் செல்போன் கடை, வாடிக்கையாளர்களின் கருத்து வேறுபாடு காரணமாக மூடப்பட்டது. திருப்பூர் வந்து வருடங்கள் ஓடிவிட்டன. போன பொங்கலுக்கு அக்கா நம்பருக்குப் போன் போட்டேன். மச்சான் எடுத்தார்.

“ஆல்பமெல்லாம் கேக்குறீங்களா மச்சான்?”

“தெனம் மத்தியானம் கேக்குறேன் மாப்ள. என்னமா பண்ணிருக்கா!”

“மூணாவது பாட்டுல என் தும்மல் எப்படி?”

“மூணாவது பாட்டா?” என்று யோசித்தார். “அங்கிட்டு வரைக்கும் போகுதா அது?”

மேற்கொண்டு அவர் என்னவோ சொன்னார், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பின்னாடி மிஷின் அடித்துக்கொண்டிருந்தது.